மலைப்பாதையும் மோட்டார் வண்டியும்

(சங்கத்தின் ஆயுத பூசை விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

கலைமகள் விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவதே வழக்கம். ஆனால் இம்முறை சங்கச் செயலாளர் தம்பி என்னிடம் வந்து, “அண்ணே, நீங்கள் மோட்டார் வண்டியைப் பற்றித்தான் பேச வேண்டும். பூசைக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் இன்று வண்டி ஓட்டுகிறவர்கள்” என்றார். முதலில் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். தம்பி சொன்னதில் நியாயம் இருந்தது.

சற்று முன் கோயில் வாசலில் நின்றிருந்த வாகனங்களை ஒருமுறை சுற்றி வந்தேன். பதினொரு ஆட்டோக்கள், நான்கு வான்கள், மூன்று கார்கள், ஒரு கொழுந்து லொறி, மோட்டார் சைக்கிள்கள் பல. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூமாலை. எல்லாச் சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம். கண்கொள்ளாக் காட்சி. ஆனால் குனிந்து பார்த்தபோது மனம் துணுக்குற்றது. அந்தப் பதினொரு ஆட்டோக்களில் மூன்றின் பின் டயர்கள் தேய்ந்து, வழுவழுப்பான கூழாங்கல்லைப் போல் இருந்தன. எலுமிச்சம்பழத்தை நசுக்கிய அதே டயர்! யாருடைய வண்டி என்று நான் சொல்லப் போவதில்லை. அவரவருக்குத் தெரியும்.

ஆயுத பூசை என்பது என்ன? நமக்குச் சோறு போடும் கருவியைத் துடைத்து, தீட்டி, பழுது பார்த்து, அதன் பின் வணங்குவது. கவ்வாத்து வெட்டும் கத்தியைத் துருவோடு கொண்டு வந்து படத்தின் முன் வைப்போமா? வைக்க மாட்டோம். அப்படியானால் பிரேக் பிடிக்காத வண்டிக்கு மட்டும் எப்படிச் சந்தனம் பூசுகிறோம்? பூசையைக் குறைத்துச் சொல்லவில்லை, அன்பர்களே. பூசையின் முதற்பாதியை நாம் மறந்துவிட்டோம் என்றுதான் சொல்கிறேன்.

நம் நாட்டிலே வண்டி ஓட்டுபவரைச் ‘சாரதி’ என்கிறோம். எத்தனை பெரிய சொல்! பகவான் கண்ணனே தாங்கிய பெயர் அது. பாரதத்திலே, சயத்திரதனைத் தேடி அருச்சுனன் விரையும் நாளில், போர்க்களத்தின் நடுவிலேயே தேர்க் குதிரைகள் களைத்துவிடுகின்றன. அருச்சுனன் அம்பினால் நீர்நிலை உண்டாக்குகிறான். கண்ணன் குதிரைகளை அவிழ்த்து, அவற்றின் உடலில் தைத்த அம்புகளைக் களைந்து, தடவிக்கொடுத்து, நீர் காட்டி, இளைப்பாற்றி, மீண்டும் பூட்டுகிறான். சூரியன் சாய்வதற்குள் சபதம் முடிய வேண்டும். எதிரிகள் நாற்புறமும் சூழ்ந்து நிற்கிறார்கள். அந்த அவசரத்திலும் சாரதி தன் வாகனத்தைக் கவனிக்கத் தவறவில்லை. “நேரமில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம்” என்று சொல்லும் நாம் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

துரை காரிலிருந்து நம் கார் வரை

இந்த மலைநாட்டிலே 1885இல் நானுஓயா வரை ரயில் வந்தது. 1904இலேயே இலங்கையில் மோட்டார் வாகனக்காரர்களுக்கு ஒரு சங்கம் அமைந்துவிட்டது. ஆனால் அதன் பின்னும் எத்தனையோ காலம், தோட்டத்தில் கார் என்றால் அது துரை கார் ஒன்றுதான். நம்மவர்கள் அதன் ஓசை கேட்டால் பாதையோரம் ஒதுங்கி நின்றார்கள். பிரசவ வேதனைப்பட்ட தாயைக் கம்பளியில் சுற்றிக் கொழுந்து லொறியில் ஏற்றிச் சென்ற கதைகளை இங்குள்ள பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள். லொறி வராத இரவுகளின் கதையையும் சொல்வார்கள்.

இன்று லயத்து வாசலில் ஆட்டோ நிற்கிறது. கங்காணியாரின் பேரன் வான் ஓட்டுகிறான். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை தீபாவளிக்குக் காரில் வருகிறான். இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. ஒதுங்கி நின்றவர்களின் பிள்ளைகள் இன்று ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார்கள். அந்தப் பெருமை நிலைக்க வேண்டுமானால், வண்டியை வாங்கும் சாமர்த்தியத்தோடு அதைப் பேணும் சாமர்த்தியமும் வேண்டும்.

இறக்கம் கற்பித்த பாடம்

இனி, வெட்கத்தோடு என் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

2022ஆம் ஆண்டு. பெற்றோலுக்கு நாம் இரவு பகலாக வரிசையில் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு ஜூலையில் கியூ.ஆர். அட்டை முறை வந்தது. வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். அந்த நாட்களில் ஒருநாள் என் தாயாரையும், தமக்கையின் இரு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, இங்கிருந்து பூண்டுலோயா வழியாகத் தவலந்தென்னைக்கு இறங்கினேன். ‘இறக்கம்தானே, கியரை எடுத்துவிட்டால் பெற்றோல் மிச்சம்’ என்று எண்ணி, நியூட்ரலில் வண்டியை ஓடவிட்டேன். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடியே போனேன். பாதி வழியில் கருகிய வாடை வந்தது. ஏதோ தோட்டத்தில் குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் மிதித்தபோது பெடல் பஞ்சுபோல் உள்ளே போயிற்று. வண்டி நிற்கவில்லை. பின்னால் சின்னவள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். தெய்வாதீனமாக இரண்டாம் கியரில் போட முடிந்தது. என்ஜின் அலறியது. கை பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைப்பக்கத்துக் கானில் சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். மறுபக்கம் பள்ளம். கீழே தேயிலை, அதற்கும் கீழே கண்ணுக்கு எட்டவில்லை.

பிறகு ஒரு கராஜ் பாஸ் எனக்கு விளக்கினார். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆயிரம் கிலோ எடையுள்ள கார் ஒன்று ஐந்நூறு மீற்றர் உயரம் கீழே இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஏறக்குறைய 15 லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அவ்வளவு சூட்டையும் யாராவது தாங்கியாக வேண்டும். கியரில் இறங்கினால் பெரும்பகுதியை என்ஜின் தாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. சாதாரணமாக வழங்கும் டொட் 3 எண்ணெய் புதியதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காமல் நிற்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 பாகையளவுக்கு இறங்கிவிடுகிறது. எண்ணெய் கொதித்தால் குழாயினுள் ஆவிக் குமிழி உண்டாகும். எண்ணெயை அழுத்தினால் பிரேக் பிடிக்கும், ஆவியை அழுத்தினால் ஆவிதான் சுருங்கும். என் பெடல் பஞ்சானதன் இரகசியம் இதுதான். என் வண்டியின் எண்ணெய் மாற்றி ஐந்து வருடங்கள் ஆகியிருந்தன. மழையும் மூடுபனியும் ஓயாத நம் ஊரிலே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றியே ஆக வேண்டும்.

இதிலே பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த பெற்றோலும் மிச்சமாகவில்லை! இக்காலத்து இன்ஜெக்‌ஷன் என்ஜின்கள், கியரில் இறங்கும்போது அக்சிலரேட்டரை விட்டால், பெற்றோல் வருவதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் என்ஜின் அணையாதிருக்கப் பெற்றோல் குடிக்கும். என் அறியாமைக்கு நான் கொடுக்கவிருந்த விலை நான்கு உயிர்கள். அதிலே கிடைக்கவிருந்த இலாபம் ஒரு துளியுமில்லை.

ஆகவே பழைய லொறிச் சாரதிகள் சொல்லி வைத்த விதியை நினைவில் வையுங்கள்: எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு. ஓட்டோமெட்டிக் கார்காரர்களும் ‘டி’யிலேயே விட்டுவிடாமல், ‘எல்’ அல்லது ‘2’இல் போட வேண்டும். ஹைபிரிட் வண்டிகளில் ‘பி’ என்ற எழுத்து இருப்பது இதற்காகத்தான். சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்து இறங்குவதோ தற்கொலைக்கு ஒப்பானது. பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணை சக்தி அதோடு போய்விடும். கருகிய வாடை வந்தால் உடனே ஓரங்கட்டி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

தேர்த் திருவிழாவிலே வடம் பிடிப்பவர் நூறு பேர். எல்லோர் கண்ணும் அவர்கள் மேல்தான். ஆனால் சக்கரத்தோரம் குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவரை யார் பார்க்கிறார்கள்? அவர் இல்லாவிட்டால் தேர் வீதியில் நிற்காது, வீட்டுக்குள் போகும். வண்டியில் வேகம் வடம் என்றால் பிரேக் முட்டுக்கட்டை. நாம் வடத்துக்கே பூப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கண்முன் நடந்தவை

இவையெல்லாம் வெறும் பயமுறுத்தல் அல்ல. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் பஸ் ஒன்றும் வான் ஒன்றும் ஆட்டோ ஒன்றும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். நம் ஊருக்கு எத்தனை அருகில்! 2025 மே 11ஆம் திகதி அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற பஸ் கொத்மலை கெரண்டி எல்லயில் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய பாதையில் இன்னொரு பஸ் விழுந்து பதினைந்து பேர் மாண்டார்கள். நாடு முழுவதையும் எடுத்தால், ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை நம் வீதிகள் கொண்டுபோகின்றன. உலகில் 5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு முதற் காரணம் நோயல்ல, வீதி விபத்து என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தச் சபையில் அமர்ந்திருக்கும் வாலிபர்களின் வயது அது!

டயரும் மழையும்

டயரின் கோடுகள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. மழைநீர் விலகி ஓட வழி அவை. கோடுகளின் உள்ளே சிறு திட்டுகள் இருக்கும். மேற்பரப்பு தேய்ந்து அந்தத் திட்டோடு சமமானால் 1.6 மில்லிமீற்றர் ஆழமே மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அந்த டயருக்கு விடை கொடுத்துவிட வேண்டும். தேய்ந்த டயரில் கத்தியால் கோடு வெட்டி ஓட்டுவது கிழிந்த குடைக்குச் சாயம் பூசுவதைப் போன்றது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று அறிக. ‘புதுசு போலவே இருக்கு’ என்று விற்கப்படும் பழைய டயரை இந்த நான்கு இலக்கம் காட்டிக்கொடுக்கும்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. பிரித்தானிய வீதி விதிநூலின்படி, சமதளமான உலர்ந்த பாதையில் மணிக்கு 32 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் நிற்க 12 மீற்றர் வேண்டும். வேகத்தை இரட்டித்து 64 ஆக்கினால் 36 மீற்றர் வேண்டும். வேகம் இரு மடங்கு, தூரமோ மூன்று மடங்கு! நம் பாதை சமதளமும் அல்ல, பெரும்பாலான மாதங்களில் உலர்ந்ததும் அல்ல. வளைவுக்கு அப்பால் பத்து மீற்றர்கூடத் தெரியாத இடத்தில் அந்த முப்பத்தாறு மீற்றரை எங்கே போய்த் தேடுவது? கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிந்த வேகமே சரியான வேகம். வேறு எந்தச் சூத்திரமும் மலைநாட்டுக்குத் தேவையில்லை.

மூடுபனியில் பெரிய வெளிச்சம் போட்டால் அது பனியிலே பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். லைட்டைத் தாழ்த்திப் போடுங்கள். குறுகிய பாதையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி இடம் விடட்டும். ஏற்றத்தில் நின்ற லொறியை மீண்டும் எடுப்பது எவ்வளவு சிரமம் என்பது ஓட்டியவனுக்குத் தெரியும்.

இன்னொன்று. ஏற்றத்தில் வண்டி பழுதானால் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைக்கிறோம். சரிதான். வண்டி கிளம்பியதும் கல்லை அப்படியே நடு வீதியில் விட்டுவிட்டுப் போகிறோமே, அது என்ன நியாயம்? இரவிலே மோட்டார் சைக்கிளில் வருகிறவன் அந்தக் கல்லை எப்படிக் காண்பான்? நம் உயிரைக் காத்த கல் இன்னொருவன் உயிரை எடுக்கலாமா? ஒரு நிமிடம் இறங்கிக் கல்லை ஓரத்தில் போடுங்கள். இதுவும் தருமந்தான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் மலைகளைச் சரித்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கடும் மழை நாளில், மண்மேட்டிலிருந்து சிறு கற்கள் உருண்டாலும், பாதையில் புதிய வெடிப்புத் தெரிந்தாலும், ‘வேகமாகக் கடந்துவிடுவோம்’ என்று எண்ணாதீர்கள். வண்டியைத் திருப்புங்கள். அன்றைய வாடகை போனால் போகட்டும்.

வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய வண்டிகளின் விலை மலையேறியது. முதலாளிக்காரர்களே தயங்கிய விலைக்கு, நம் பிள்ளைகள் தவணைக் கடன் எடுத்து வாங்கினார்கள். மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி போய்விடும். ஆகவே டயருக்கு வைத்த காசு தவணைக்குப் போகிறது. பிரேக்குக்கு வைத்த காசு பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. தேய்ந்த டயரோடு ஓடும் தம்பிமாரை நான் குறைசொல்ல வரவில்லை. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்கள் கணக்கிலே ஒரு வரி விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வரியை எழுதிக்கொள்ளுங்கள். ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் பத்து ரூபாய் தனி உண்டியலில் போடுங்கள். நாளைக்கு நாற்பது கிலோமீற்றர் ஓடினால் நானூறு ரூபாய். அது உங்கள் பணமல்ல, வண்டியின் பணம். பெற்றோல் இல்லாமல் வண்டி ஓடாது என்பதால் பெற்றோலுக்கு எப்படியோ காசு கண்டுபிடிக்கிறோம். பிரேக் இல்லாமலும் வண்டி ஓடும். அதுதான் ஆபத்து! கடன் எடுக்கப் போகும் வாலிபர்களே, தவணையோடு இந்த உண்டியல் காசையும் கூட்டிப் பாருங்கள். தாங்காவிட்டால் ஒரு வருடம் பொறுங்கள்.

சிறு வேலைகள் சிலவற்றுக்குக் காசே தேவையில்லை. காலையில் என்ஜினைக் கிளப்புமுன் எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பார்க்கலாம். ரேடியேற்றரில் தண்ணீர் பார்க்கலாம். ஆனால் சூடாயிருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். உயரம் கூடினால் நீர் கொதிக்கும் சூடு குறையும். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வெறும் நீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைத் தாங்கும் நல்ல மூடி அதனால்தான் அவசியம். புறப்படுமுன் பத்தடி நகர்த்தி ஒருமுறை பிரேக்கை மிதித்துப் பாருங்கள். இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம் போதும்.

நடப்பவரும் அமர்பவரும்

தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நம் பாதைகளில் நடைபாதை இல்லை. மாலையில் மலையிலிருந்து படங்கு கட்டியபடி இறங்குகிறீர்கள். பிள்ளைகள் கறுப்புக் குடையோடு பனியிலே நடக்கிறார்கள். வண்டிக்காரனுக்கு நீங்கள் தெரிவதே இல்லை. எதிரே வரும் வண்டியைக் காணும்படி வலப்பக்கமாக, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். பிள்ளைகளுக்கு வெள்ளை அல்லது மஞ்சள் குடை வாங்கிக் கொடுங்கள். மூவர் அமரும் ஆட்டோவில் ஏழு பிள்ளைகளை ஏற்றுவதைக் கண்டால் ‘பரவாயில்லை’ என்று சொல்லாதீர்கள்.

ஆசனப் பட்டியைப் பொலிசுக்காரரைக் கண்டதும் போட்டுக்கொள்கிறோம். 1959இல் வொல்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் என்ற பொறியியலாளர் மூன்று முனைப் பட்டியை வடிவமைத்தார். அதை மற்ற நிறுவனங்களும் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று அந்நிறுவனம் விட்டுக்கொடுத்தது. உயிர் காக்கும் பொருளைத் தானமாகக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கிக்கொள்ள நமக்குத்தான் கை நீளவில்லை.

விபத்தொன்றைக் கண்டால் படம் பிடிக்க ஓடாதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். 2016இல் தொடங்கிய அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் கிடையாது. அடிபட்டவரைக் கையையும் காலையும் பிடித்து இழுத்து ஆட்டோவில் திணித்தால் முறிந்த கழுத்து மேலும் முறியும். தீயோ வேறு அபாயமோ இல்லையென்றால் அசைக்காமல், இரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்து, பக்கத்தில் இருந்து தைரியம் சொல்லுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

இறுதியாக, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தின் முதல் ஞாயிறு காலை இந்த முற்றத்தில் வண்டிகளைக் கூட்டுங்கள். தொழில் தெரிந்த ஒரு பாஸ் வரட்டும். டயர், பிரேக், லைட் மூன்றையும் பார்த்துச் சொல்லட்டும். டயர் வாங்க வழியில்லாத தம்பிக்குச் சங்கம் கைமாற்றுக் கொடுக்கட்டும், அவர் மாதாமாதம் திருப்பித் தரட்டும். அன்னதானம் செய்த சங்கத்துக்கு இது முடியாததா? அடுத்த ஆயுத பூசையில், பார்வையிட்டுத் தேறிய வண்டிக்கே சந்தனம் என்று ஒரு வழக்கம் உண்டாகட்டும். அர்ச்சகர் ஐயாவும் சம்மதிப்பார் என்றே நம்புகிறேன்.

அன்றைக்குக் கானில் வண்டியை நிறுத்தியபின் என் தாயார் எதுவும் பேசவில்லை. கீழே இறங்கி, பள்ளத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு பிள்ளைகள் இருவர் தலையிலும் கை வைத்து நின்றார். அந்தப் பிரேக் எண்ணெயின் விலை என் வீட்டு ஒரு வாரத் தேயிலைச் செலவுக்கும் அரிசிச் செலவுக்கும் மேற்பட்டதல்ல.

இன்று வீட்டுக்குப் போகும்போது, நசுக்கிய எலுமிச்சம்பழத்தை எடுத்தெறியக் குனிவீர்கள் அல்லவா? குனிந்த அந்த நேரத்தில் டயரையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். கண்ணன் குதிரையைத் தடவினானே, அதுபோல. அதுவே இவ்வாண்டு நீங்கள் செய்யும் நல்ல பூசையாக இருக்கட்டும்.

எல்லாம் வல்ல அன்னை நம் வழிகளையெல்லாம் காப்பாளாக.